மெனுவைப் பார்க்காத ஊர்

போகிற ஊரில் நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் இப்போது எல்லாரும் போனைத்தான் எடுக்கிறார்கள். நாலரை நட்சத்திரத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஹோட்டலிலிருந்து நடந்து போகிற தூரமாக இருக்க வேண்டும், குழாய்கள் நிறைய இருக்க வேண்டும். நானும் வெகுகாலம் அப்படித் தேடியவன்தான். அந்தப் பழக்கம் பெங்களூரில் ஒட்டிக்கொண்டது. 2010-ஐ ஒட்டி அங்கே மைக்ரோபிரூவரிகள் முளைக்கத் தொடங்கியபோது, சென்னையிலிருந்து வேலையாகப் போய்வந்த எங்களுக்கெல்லாம் வாய் பிளக்காத குறை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் தொட்டிகள், ஓரத்தில் அடுக்கிய மால்ட் மூட்டைகள், மரத்தட்டில் சின்னச் சின்னக் கிளாஸ்களில் ஆறு வகை ஊற்றிவரும் சாம்ப்ளர். கோதுமை பீர், கறுப்பு ஸ்டவுட், மாம்பழம் போட்டது, கசப்பு தூக்கலான ஐபிஏ. வகை எத்தனை அதிகமோ அத்தனை நல்ல கடை என்று மனசில் பதிந்துவிட்டது.

அந்த அளவுகோலோடுதான் ஒருமுறை பிரஸ்ஸல்ஸில் டெலிரியம் கஃபேக்குப் போனேன். நகரத்தின் பெரிய சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு முட்டுச்சந்துக்குள் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு 2,004 வகை பீர் வைத்திருந்ததற்காக கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கடை. கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டது வந்தது. ஆனால் கேட்கத் தெரிய வேண்டுமே. இரண்டாயிரத்தில் ஒன்றை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பக்கத்து மேஜைக்காரர்களும் மெனுவைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் என்னைப்போலவே வெளியூர். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பது அந்தப் பயணத்தில் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஊர்க்காரர்கள் குடிக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டது பாம்பெர்க்கில். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் ஒரு ப்ராஜெக்டுக்காகத் தங்கியிருந்தேன். கூட வேலை பார்த்தவர்களில் ஒரு மதுரைக்காரத் தம்பி. ஒரு சொட்டு மது தொடாதவர். ஆனால் ஊர் சுற்ற அவரைப்போல் ஆள் கிடைக்காது. எந்த ரயில் எத்தனை மணிக்கு, இரண்டு பேருக்கு எந்த டே டிக்கெட் மலிவு, எல்லாம் விரல்நுனியில். “அண்ணே, பாம்பெர்க் போவோம். பக்கத்துலதான். நீங்க பீரப் பாருங்க, நான் ஊரப் பாக்குறேன்” என்றார். கேட்பதற்கு நியாயமான ஒப்பந்தமாக இருந்தது.

ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகச் செங்கல் கட்டடங்கள், கோட்டை மாதிரி கோபுரம் வைத்து. வேயர்மான் மால்ட் ஆலை. பெயரைப் படித்ததும் எங்கேயோ பார்த்ததாக ஒரு குறுகுறுப்பு. பெங்களூரில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளில் இருந்த பெயர் அது. 1879-இல் தொடங்கிய கம்பெனி. வாற்கோதுமையை ஊறவைத்து, முளை கட்டி, பதமாக உலர்த்தி, வறுத்து உலகம் முழுக்கச் சின்னச் சின்ன பீர் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது பிளாட்பாரம்வரை மால்ட் மணக்கிறது. ‘கிராஃப்ட்’ என்று போர்டு மாட்டி ஊர் ஊராக விற்பதில் ஒரு பங்கு இங்கிருந்து மூட்டை ஏறிப் போனதுதான். ஆனால் பாம்பெர்க்கில் ‘கிராஃப்ட்’ என்று எழுதிய போர்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எழுபதாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர். அதற்குள் பத்தை ஒட்டி பீர் ஆலைகள். சுற்றுவட்டாரம் முழுவதையும், அதாவது மேல் ஃபிராங்கோனியாவை எடுத்தால் நூற்று ஐம்பதுக்கு மேல் போகும். ஆற்றின் நடுவில் பாலத்தின் மேலேயே கட்டிய பழைய நகரமன்றம், நாலு கோபுரக் கதீட்ரல் எல்லாம் சேர்த்து 1993-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊரும்கூட. தம்பி அதற்காகத்தான் வந்திருந்தார். நான் ஷ்லெங்கர்லாவுக்காக.

ஷ்லெங்கர்லா கதீட்ரலுக்குக் கீழே, டொமினிக்கானர் தெருவில் இருக்கிறது. 1405-லேயே ஏட்டில் வந்துவிட்ட விடுதி. நாங்கள் போனது சனிக்கிழமை மதியம். கிளாஸுக்கு டெபாசிட் கட்டினால் வெளியிலேயே நின்று குடிக்கலாம் என்பதால் தெருவை அடைத்துக்கொண்டு ஆட்கள். பாதிப் பேர் கையில் கேமரா. டூரிஸ்ட் கூட்டம் என்றாலே திரும்பிவிடுகிற நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. இங்கே வந்து திரும்பியிருந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். கூட்டம் கெடுப்பது பெரும்பாலும் சாப்பாட்டையும் விலையையும். பீப்பாய் மளமளவென்று காலியாகிற கடையில் பீர் கெட்டுப்போக நேரம் ஏது?

உள்ளே கறுத்துப்போன உத்தரங்கள், நீள நீள மர மேஜைகள். கவுண்டரின் மேல் நிஜ மரப்பீப்பாய். கேஸ் கிடையாது, பம்ப் கிடையாது. புதுப் பீப்பாய் வந்ததும் கவுண்டர்க்காரர் பித்தளைக் குழாயைத் துளையில் பொருத்தி, மரச்சுத்தியலால் ஓங்கி இரண்டு போடு போட்டார். நுரை சிதறி ஏப்ரனை நனைத்தது. மேல்பக்கம் காற்றுக்கு ஒரு வழி திறந்துவிட்டார். அவ்வளவுதான், பிறகு தன் கனத்தில் தானே இறங்குகிறது. அரை லிட்டர், கருஞ்சிவப்பு, மேலே பழுப்பு நுரை. மெர்ட்ஸன் என்ற வகை. நான் கிளாஸைத் தூக்குவதற்குள் எதிரில் இருந்த தம்பி மூக்கைச் சுளித்தார்.

“அண்ணே, கருவாடு சுட்ட வாசன வருது.”

சரியாகத்தான் சொன்னார். முளைகட்டிய தானியத்தை உலர்த்துகிற களத்தின் கீழே பீச் மர விறகை எரிக்கிறார்கள். புகை தானியத்தின் ஊடாகவே மேலே போகிறது. ஒரு காலத்தில் நெருப்பில் உலர்த்திய மால்ட் எல்லாமே கொஞ்சமோ நஞ்சமோ புகை வாசனையோடுதான் இருந்தது, ஏனென்றால் வேறு வழி இல்லை. பின்னால், புகை படாமல் வெறும் சூடான காற்றில் உலர்த்துகிற சூளைகள் வந்தன. உலகம் நிம்மதியாகப் புகையைக் கைவிட்டது. பாம்பெர்க்கில் இரண்டு ஆலைகள் மட்டும் விடவில்லை. ஒன்று இது. இன்னொன்று எது என்று அப்போது எனக்குத் தெரியாது. முதல் வாயில் நாக்கு திகைத்துத்தான் போகும். கடைக்காரர்களுக்கும் அது தெரியும், முதல் மடக்கு வினோதமாக இருந்தால் நிறுத்திவிடாதே என்று கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பாதி கிளாஸுக்குப் பிறகு புகை பின்னுக்குப் போய் மால்ட்டின் இனிப்பு முன்னுக்கு வந்தது. தம்பி ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்ததை வைத்துக்கொண்டு, இறைச்சி திணித்து வேகவைத்துப் புகை பீர்ச் சாறு ஊற்றிய பெரிய வெங்காயம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். அது அந்த ஊர்ப் பலகாரம். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு அவர்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“அண்ணே, கவனிச்சீங்களா? இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற பெரியவங்க ஒருத்தரும் மெனுவே பாக்கல.”

அப்புறம்தான் எனக்கும் கண்ணில் பட்டது. மெனுவைப் பிரித்து வைத்திருந்தவர்கள் எல்லாம் எங்களைப்போல வந்தவர்கள். ஊர்க்காரர்கள் உட்கார்ந்த உடனே கிளாஸ் வந்துவிடுகிறது. காலியானால் கேட்காமலே அடுத்தது வருகிறது. போதும் என்றால் அட்டையைக் கிளாஸின் மேல் வைத்துவிடுகிறார்கள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு விடுதியும் தன் ஆலை பீரை மட்டும்தான் ஊற்றுகிறது, அதிலும் இரண்டு மூன்று வகை. பிடிக்கவில்லையென்றால் கடையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஊரில் மேஜை பிடித்துத் தனியாக உட்கார முடியாது. ‘இடம் இருக்கிறதா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு யார் பக்கத்திலும் உட்காரலாம். எங்கள் பக்கத்தில் இருந்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். சாப்பிட எதுவும் இல்லாமல், செய்தித்தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கிளாஸோடு இருந்தார். இங்கே குடித்த பிறகு எங்கே போகலாம் என்று கேட்டேன். அவருடைய ஆங்கிலமும் என் ஜெர்மனும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அவர் திருப்பிக் கேட்டார்: “புகை இன்னும் வேண்டுமா, போதுமா?”

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. எந்த ஆப்பும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இரண்டும் என்றேன். “அப்படியானால் வந்த வழியே திரும்பிப் போங்கள்” என்று பென்சிலை எடுத்துத் தன் அட்டையில் ஒரு கோடு இழுத்தார். அது ஆறு. குறுக்கே பாலம். பாலத்துக்கு அப்பால் ஒரு தெரு, தெருவின் இந்தப் பக்கம் ஒரு கட்டம், அந்தப் பக்கம் ஒரு கட்டம். இதில் புகை, அதில் இல்லை. அட்டையைக் கையில் கொடுக்க முடியாது. ஒவ்வொரு கிளாஸுக்கும் பரிமாறுகிறவர் அதன் ஓரத்தில் போடுகிற கோடுகள்தான் பில். தம்பி போனில் படம் எடுத்துக்கொண்டார். ஆக, போனும் உபயோகப்படாமல் போகவில்லை.

தெருவின் பெயர் ஓபரெ கோனிக்ஷ்டிராஸெ. ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. புகைக் கட்டம் ஷ்பெட்ஸியால், 1536-இலிருந்து. புகை மால்ட்டை விடாத இரண்டாவது ஆலை. எதிர்க் கட்டம் ஃபெஸ்லா, 1649-இலிருந்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே ஜன்னலில் பூச்சட்டி வைத்த சாதாரணப் பழைய வீடுகள். உள்ளே போனால் ஷ்பெட்ஸியாலில் நாலு பெரியவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூலை மேஜை வழக்கமாக வருகிறவர்களுக்கு என்று பித்தளைப் பலகை சொன்னது. அது காலியாகத்தான் கிடந்தது, ஆனாலும் பரிமாறிய அம்மாள் எங்களை வேறு பக்கம் கைகாட்டினார். இந்தப் பீரில் புகை ஷ்லெங்கர்லாவில் பாதிகூட இல்லை. வெளிர் நிறம், மெல்லிய உடம்பு, விழுங்கிய பிறகுதான் ‘ஓ, புகை’ என்று ஞாபகம் வருகிறது. தினமும் குடிக்கிறவர்களின் பீர் இது என்று நினைத்தேன். அடுத்த மேஜையின் கீழே ஒரு நாய் படுத்திருந்தது, எஜமானனுக்கு நேரமாகும் என்று தெரிந்த நாய்.

தெருவைக் கடந்தால் ஃபெஸ்லா. சின்னக் குள்ளன் பீப்பாய் உருட்டுகிற படம்தான் அடையாளம். வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருக்கிற நடையிலேயே நின்றுகொண்டு குடிக்கிறார்கள். வேலை முடிந்த பெயின்டர், சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தவர், காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. கார்டு வேண்டாம், காசு கொடு என்றார்கள். பீர் சில்லிப்பாக இருந்தது, பல் கூசும் ஜில் அல்ல. நம்மூர் டாஸ்மாக் கவுண்டரில் பிராண்டுக்கு முன்னால் கேட்கப்படுவது “கூலிங் இருக்கா?” என்பதுதான். வெயிலுக்கு அது சரி. ஆனால் அந்த ஜில்லில் நாக்கு மரத்துப்போய் எல்லா பீரும் ஒன்றாகிவிடுகிறது என்பதும் உண்மை. ஃபெஸ்லாவின் பொன்னிற லாகரில் ரொட்டித் தோல் மணத்தை, ஹாப்ஸின் லேசான புல் கசப்பைத் தனித்தனியாக எண்ணலாம் போல இருந்தது.

நடையில் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், “உங்கள் லீவு நாளில் எங்கே போவீர்கள்?” என்று கேட்டேன். “வுண்டர்பூர்க்” என்றார் யோசிக்காமல். “என் வீடு அங்கேதான்.” அதற்குள் தம்பி கடைசி ரயிலுக்கு அடுத்த ரயில் இல்லை என்று நினைவூட்டிவிட்டார்.

பிறகொரு நாள் வுண்டர்பூர்க்குக்குப் போனோம், வெயில் காலத்தில். டூரிஸ்ட் வரைபடத்தில் பெரும்பாலும் விளிம்போடு வெட்டுப்பட்டுவிடுகிற குடியிருப்புப் பகுதி. அங்கும் அதே எதிரும் புதிருமான ஏற்பாடு: இந்தப் பக்கம் 1670-இலிருந்து இருக்கிற மார்ஸ் பிராய், அந்தப் பக்கம் கேஸ்மான். மார்ஸில் கேட்க வேண்டியது ஒற்றை எழுத்து, ‘ஊ’. முதிரும் காலத்தில் பீப்பாயின் அடைப்பை இறுக்காமல் விட்டதால் வாயு கொஞ்சம் வெளியேறிவிட்ட பீர். லேசாகக் கலங்கி, குமிழி குறைந்து, வயிற்றை உப்ப வைக்காமல் இறங்கும். எனக்கு அந்த ஊரில் பிடித்தது எது என்று கேட்டால் புகையை ஓரம் வைத்துவிட்டு இதைத்தான் சொல்வேன். தெருவைக் கடந்து கேஸ்மானில் பில்ஸ்னர், தெளிந்த கசப்பு. இரண்டையும் குடித்தவர்கள் எது மேல் என்று சண்டை போடுகிறார்கள். ஒரே தெருவில் வாழ்கிறவர்கள் வேறு எதற்குத்தான் சண்டை போடுவது?

‘ஊ’ குடித்த இடத்தில் ஒருவர், வெயில் காலத்தில் உள்ளே என்ன வேலை, கெல்லருக்குப் போ என்று விரட்டினார். பூமிக்கு அடியில் இருக்கிற கிடங்கு அது, ஆனால் அங்கே மேட்டில் ஏறித்தான் போகிறார்கள். குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன்னால் லாகர் பீர் பழுக்கக் குளிர்ந்த இடம் வேண்டும். அதற்காக மணற்பாறைக் குன்றுகளைக் குடைந்து சுரங்கம் போட்டு, குளிர்காலத்துப் பனிக்கட்டியோடு பீப்பாய்களை அடுக்கினார்கள். தரை சூடேறாமல் இருக்க மேலே அகன்ற இலையுள்ள செஸ்ட்நட் மரம் வைத்தார்கள். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே மியூனிக்கில் பீர் ஆலைக்கு என்றே குளிர்பதன இயந்திரம் செய்துகாட்டிய பிறகு சுரங்கத்துக்கு வேலை குறைந்தது. நிழல் மிஞ்சியது. நிழலில் பெஞ்சு போட்டுவிட்டார்கள். ஷ்டெஃபான்ஸ்பெர்க் மேட்டில் ஷ்பெட்ஸியாலுக்கு ஒரு கெல்லர் உண்டு. அங்கிருந்து கதீட்ரலின் நாலு கோபுரமும் கண் மட்டத்தில் தெரியும்.

எர்லாங்கனுக்கும் பாம்பெர்க்குக்கும் நடுவில் இருக்கிற ஃபோர்ஹைமில் ஒரு காடு முழுக்கவே கெல்லர்கள். பலவற்றில் பீரை மட்டும் அவர்களிடம் வாங்கிக்கொண்டு சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம். ஒரு ஞாயிறு தம்பி எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சில் எங்களோடு இருந்தது ஒரு குடும்பம்: தாத்தா, பாட்டி, மகள், மணலில் உருண்டுவிட்டு வந்த இரண்டு பிள்ளைகள். பாட்டிதான் முதலில் டப்பாவை எட்டிப் பார்த்தார். தம்பி ஒரு கரண்டி அவர் தட்டில் வைத்தார். வறுத்த வேர்க்கடலையைத் தனியாக எடுத்துப் பார்த்தார், சாப்பிட்டார், பிறகு சாதத்தை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை அகல விரித்துத் தன் மண்குவளையிலிருந்து ஒரு பெரிய மடக்கு. தாத்தா எதுவும் பேசாமல் தன் தட்டையும் நீட்டினார். பதிலுக்கு முள்ளங்கியை ஒரே சுருளாகத் திருகிச் சீவி உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். குடிக்கிற இடத்தில் இப்படிப் பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருப்பதை வீட்டுக்குப் போனில் சொன்னேன். மறுமுனையில் நம்பினார்களா என்று சொல்ல முடியாது. நம்மூர் பார்களைப் பார்த்தவர்கள் நம்புவது கஷ்டம்தான்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் கடையைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. அது பேர் போன கடையாகவே இருக்கட்டும், டூரிஸ்ட் கடையாகவே இருக்கட்டும். கூட்டம் ஏறாத நேரமாகப் பார்த்துப் போய், கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு, ஊற்றுகிறவரிடம் லீவு நாள் கேள்வியைப் போட்டுவிடுவேன். ‘இந்த ஊரில் எது நல்ல கடை’ என்று கேட்டால் எல்லாரும் வாங்கிப் பழகிய பதிலைத்தான் கொடுப்பார்கள். லீவு நாளில் எங்கே போவாய் என்றால் ஒரு நொடி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள், பிறகு நிஜத்தைச் சொல்வார்கள். சில சமயம் அது அடுத்த தெரு, சில சமயம் டிராமின் கடைசி ஸ்டாப். சொன்ன இடத்துக்குப் போய், அங்கே இன்னொருவரிடம் அதையே கேட்க வேண்டும். இரண்டாவது கடையிலிருந்துதான் ஊர் தொடங்கும். வாராந்திர விடுமுறை என்று பூட்டிய கதவில் முட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கும் பக்கத்துக் கடைக்காரர் ஒரு வழி சொல்வார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் பாரில் விருந்தினரோடு உட்கார வேண்டி வந்தது. வழக்கம்போல, ஊற்றிக்கொண்டிருந்த பையனிடம் மெதுவாகக் கேட்டேன்.

“நான் குடிக்கிறதில்ல சார்” என்று சிரித்தான். “லீவுன்னா எங்க ஏரியா டீக்கடைதான். மசாலா டீ. வேற எங்கயும் அப்படி வராது.”

எந்த ஏரியா என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.